ஓவியம் பயில்வார்க்கு நேரும் இடையூறுகள்

சென்ற கிறிஸ்து பிறப்புத் திருநாளின்போது நம் விடுதி மாணவர் நடித்த நாடகத்திற்குப் பெத்லகேம் ஊரின் காட்சியொன்று பின்திரையாக வேண்டியிருந்தது. இத்துணைப் பெரிய விடுதியில் ஒரு மாட்டுத் தொழுவத்தையும், ஒரு கழுதையையும், வானத்தில் ஒரு விண்மீனையும் வரைந்து தரவல்லார் ஒருவரும் இலர். ஈற்றில் கடைத்தெருவிற்குச் சென்று, எந்நாட்டாரோ தீட்டிய படமொன்றைக் கணினியினின்று எடுப்பித்து, ஃபிளெக்ஸ் துணியில் அச்சிட்டு வாங்கிவந்து கட்டினோம். அப்படத்துத் தொழுவத்தின் கூரைமேல் பனி ஒரு முழ உயரம் மூடிக் கிடந்தது. அருகே ஊசியிலை மரங்கள் நின்றன. வயல்வெளியில் கிடைபோட்டு இராக்காவல் காத்த இடையர், காலிற் செருப்புமின்றி அப்பனியினூடே நடந்துவந்து மேடையேறினர். அவையோர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். ஆயினும் திரையை அவிழ்த்துச் சுருட்டும் வேளையில் எமக்கு நகைப்பு வரவில்லை. வெண்பாப் பாடுவார் பலரும், மேடையேறி ஒரு நாழிகை முழங்குவார் பலரும் உள்ள ஒரு கல்லூரியில், ஒரு கழுதையை வரைவார் இல்லாமற் போயினமை எங்ஙனம் என்ற வினா உள்ளத்தில் தைத்து நின்றது.

அன்றிரவே யாம் மூவர், தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் இருவரும் விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவரும், ஓவியம் கற்பதென உறுதி செய்தோம். உறுதி செய்தல் எளிதாயிருந்தது. ஆசிரியர் ஒருவரைத் தேடி அவர்முன் அமர்தற்கு எமக்கு ஏறக்குறைய மூன்று திங்கள் சென்றன. அம்மூன்று திங்களிலும் யாம் முட்டிக்கொண்ட தடைகளுள் சில மெய்த்தடைகள். சில, தடைபோல் வேடமிட்டு நின்ற வெறும் நிழல்கள். எது மெய், எது நிழல் என்று முன்னரே அறிந்திருப்பின் பாதிக் காலம் மிஞ்சியிருக்கும். பின்வரும் மாணவர்க்கேனும் அது மிஞ்சுக என்பதே இக்கட்டுரை வரையப் புகுந்ததன் நோக்கம்.

முதலில் எதிர்வந்தது, "எனக்குக் கை வராது" என்னும் சொல். எம் மூவருள் இருவர் இதனைச் சொல்லிக்கொண்டே பதினெட்டு ஆண்டுகளைக் கழித்தவர். மிதிவண்டி ஓட்டக் கற்குமுன் எவரும் எனக்குக் கால் வராது என்று சொல்லி வாளாவிருப்பதில்லை. நன்னூற் சூத்திரத்தைப் படியாமலே எனக்கு இலக்கணம் வராது என்பானை நம் பேராசிரியர்கள் விடுவாரோ? ஓவியத்திற்கு மட்டும், கற்பிப்பார் இன்மையைக் கற்பாரது குறையாக எழுதிவைத்திருக்கின்றோம். பண்டையோர் இங்ஙனம் கருதினாரல்லர். மணிமேகலை, நாடக மகளிர் கற்றுத் தேர்ந்த கலைகளைத் தொகுத்துக் கூறுமிடத்து, ஓவியத்திற்கென ஒரு நூல் இருந்தமையையும் குறிக்கின்றது. நூல் உண்டெனின் பாடம் உண்டு. பாடம் உண்டெனின் ஆசிரியரும் மாணாக்கரும் உண்டு என்பது தானே போதரும். பரிபாடலில் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபம் காணவந்தோர், சுவரிலுள்ள உருவங்களைச் சுட்டி இவர் யாவர் என வினவ, அறிந்தோர் விடை கூறுகின்றனர். ஓவியத்தைப் பார்த்தற்கே அன்று கற்பிப்பார் வேண்டப்பட்டனர்; வரைதற்கு வேண்டாதிருக்குமோ?

இதனோடு ஒட்டிய மற்றொரு நிழல், காலங்கடந்துவிட்டது என்பது. இதில் ஒரு கூறு மெய். அரசின் கலை பண்பாட்டுத் துறையைச் சார்ந்த சவகர் சிறுவர் மன்றங்களில் ஓவியம் குறைந்த கட்டணத்திற் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் அவை 5 முதல் 16 வயதுடையார்க்கே உரியன. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளோ, ஓவியத்தையே வாழ்க்கையாகக் கொள்வார்க்கு உரியன. தமிழோ விலங்கியலோ பயின்றுகொண்டே ஓவியமும் கற்க விழையும் பத்தொன்பது வயதினன் இவ்விரண்டிற்கும் இடையே விழுகின்றான். அவனுக்குத் தனியாசிரியரையன்றி வேறு புகல் இல்லை. பள்ளியிலேயே கற்றிருக்கலாகாதோ எனின், எம்முட் பலர் பயின்ற பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்பது கால அட்டவணையில் எழுதப்பட்டுக் கணக்காசிரியராற் கைப்பற்றப்படும் ஒரு மணி நேரம். 2012-ஆம் ஆண்டில் தமிழக அரசு பதினாறாயிரத்திற்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியரை ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலியவற்றிற்கென நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். அவ்வூதியத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் நூற்றுக்கணக்கான சிறாரின் கையைப் பிடித்துக் கற்பித்தல் யாங்ஙனம்?

ஆயினும் வயது கடந்தது என்பதை யாம் ஒப்புக்கொள்ளவில்லை. கே. சி. எஸ். பணிக்கர் தந்தித் துறையில் வேலைபார்த்தபின்னரே, 1936-இல், இருபத்தைந்து வயதளவிற் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை நிறுவியவர் அவரே. ஒல்லாந்து நாட்டு வின்சென்ட் வான் கோ, பெல்சிய நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நற்செய்திப் பணியாளராயிருந்து, அப்பணியினின்று நீக்கப்பட்டபின், 1880-இல், தமது இருபத்தேழாம் வயதில் ஓவியராவதெனத் துணிந்தார். இவர்களை நோக்க யாம் சில ஆண்டுகள் முந்தியே தொடங்குகின்றோம் என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். எம் விலங்கியல் நண்பர் மட்டும், "வான் கோவின் முடிவையும் நினைவிற் கொள்க" என்றார். அவர் எப்போதும் அத்தகையர்.

வீட்டாரது தடை அடுத்து வந்தது. எம் தந்தையார் தொலைபேசியில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "சரி தம்பி, இதனால் வேலை கிடைக்குமா?" என்று ஒரே வினா வினவினார். கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் பொய்யாகும். கிடையாது என்றால் பணம் வாராது. வேலைக்காக அன்று என்றோம். நெடுநேரம் மறுமுனையில் ஒலியில்லை. பின்னர், "உன் பாட்டனார் கோயிற்சுவரில் வசனம் எழுதுவார், தெரியுமா? எழுத்து முத்துப்போல இருக்கும்" என்றார். எமக்கு அது தெரியாது. வீட்டார் தடுக்கின்றனர் என்று நண்பர் பலர் சொல்லக் கேட்கின்றோம். கேட்டுப் பார்த்தபின்னர்த் தடுத்தனரோ, கேளாமலே தடுப்பர் என்று கொண்டனரோ என்பதை அவர் உள்ளமே அறியும்.

ஆனால் எம் ஊர்ச் சபையில் மூத்தவர் ஒருவர் எழுப்பிய தடையை இத்துணை விரைவிற் கடத்தல் இயலாது. அவர் நல்லவர், எமக்கு ஓய்வுநாட் பள்ளியில் வேதம் கற்பித்தவர். வானத்திலும் பூமியிலும் உள்ளவற்றிற்கு ஒப்பான உருவத்தை உண்டாக்கலாகாது என்னும் கட்டளையை எடுத்துக் காட்டி, "தம்பி, இது நமக்கு ஏன்?" என்றார். கல்லூரி மாணவன் ஒருவன் இதனைப் பழமையெனத் தள்ளிவிடுதல் எளிது. அது மரியாதையும் அன்று, விடையும் அன்று. யாம் அவரிடம் அந்த யாத்திராகமத்தையே திறந்து காட்டினோம். இருபதாம் அதிகாரத்திற் கட்டளையைக் கொடுத்த அதே தேவன், முப்பத்தோராம் அதிகாரத்திற் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் விசித்திர வேலை செய்யும்படி தமது ஆவியினால் அவனை நிரப்புகின்றார். கூடாரத்தின் திரைகளிற் கேருபீன்களின் உருவங்கள் நெய்யப்படுகின்றன. விலக்கப்பட்டது வணங்குதலே, வனைதல் அன்று. அதனினும் எமக்குப் பெரிதாகத் தோன்றியது முப்பத்தைந்தாம் அதிகாரத்தின் இறுதியில் உள்ளது: பெசலெயேலுக்கும் அகோலியாபுக்கும் வேலைசெய்யும் திறம் மட்டுமன்றிப் பிறர்க்குப் போதிக்கும் வரமும் இருதயத்தில் அருளப்பட்டது என்பது. வரைவதற்கு ஒரு வரம், வரையக் கற்பிப்பதற்கு மற்றொரு வரம். சித்திர ஆசிரியர் என்னும் தொழிலுக்கு இதனினும் உயர்ந்த சான்று யாண்டுளது? மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வசனத்தை நான் வாசித்தேன், கவனிக்கவில்லை" என்றார். இவ்வளவு நேர்மையாகத் தம் பிழையை ஒப்புக்கொள்வாரை யாம் அரிதாகவே கண்டுள்ளோம்.

எனினும் பக்தியின் பெயரால் எழும் தடையில் இன்னும் ஆழமான கேள்வியொன்று உண்டு. காலத்தையும் பொருளையும் ஊழியத்திற்குக் கொடாமல் வண்ணத்திற்குக் கொடுப்பது தகுமா என்பது அது. லிலியாஸ் டிராட்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணி (1853 – 1928) இக்கேள்வியைத் தம் வாழ்க்கையிலேயே எதிர்கொண்டவர். 1876-இல் வெனிசு நகரில் அவர்தம் தாயார், மகளின் ஓவியங்களைக் கலைத்திறனாய்வாளர் ஜான் ரஸ்கினுக்கு அனுப்பினார். ரஸ்கின் அவரைத் தம் மாணவியாக ஏற்றுக் கற்பித்தார். ஓவியத்திற்கே முழுதும் தம்மை ஒப்புவிப்பாராயின் மிகப் பெரிய நிலையை எய்துவார் என்று வற்புறுத்தினார். டிராட்டர் அம்மையார் அதனை மறுத்தார். இலண்டன் நகரத் தெருக்களில் ஏழைப் பெண்டிரிடையே பணிசெய்து, பின்பு 1888-இல் அல்சீரியா நாட்டிற்குச் சென்று, இறுதிவரை அங்கேயே ஊழியம் புரிந்தார். இவ்வரலாற்றை மேடைகளிற் சொல்வோர், ஓவியத்தைத் துறந்தார் என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். அவரோ துறந்தாரல்லர். பாலைநிலத்து மலர்களையும், மணற்குன்றுகளையும், ஒட்டகங்களையும், சிற்றூர்ச் சிறாரையும் தம் நாட்குறிப்பேடுகளில் நாற்பதாண்டுக் காலம் வண்ணந்தீட்டிக்கொண்டே இருந்தார். அவர் மறுத்தது புகழை. கற்ற கையை அன்று. இருபத்து மூன்றாம் வயதில் அவருக்குக் கிடைத்த தனிப்பாடம் வீணாயிற்று என்று சொல்லுவார் அவ்வேடுகளைப் பார்த்தாரில்லை.

பணத்தடைக்கு வருவோம். இதை நிழல் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. விடுதிக் கட்டணத்திற்கே தவணை கேட்போர் எம்முள் உளர். முதலில் யாம் நகரில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தை அணுகினோம். மாதம் 1,500 ரூபாய், பொருள்கள் தனி. ஒருவர் மட்டும், மூவர் சார்பிலும், ஒரு மாதம் சென்று பார்த்தார். கைபேசியிற் கிடைக்கும் படத்தை அச்சிட்டு, அதன்மேற் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக வேறு தாளிற் பெயர்த்து எழுதச் செய்தனர். மாத இறுதியில் மயிலொன்று உருவாயிற்று. அம்மயிலைச் சட்டமிட்டுத் தருதற்கு மேலும் 600 ரூபாய் கேட்டனர். கட்டம் போட்டுப் பெயர்த்தல் இழிவான முறை என்று சொல்லவில்லை. பெருஞ்சுவரில் வரைவோர் பலர் அம்முறையைக் கையாள்கின்றனர். ஆனால் கண்ணாற் காணும் பொருளைக் கையாற் கொணர்தலே யாம் கற்க விரும்பியது. எதிரே கிடந்த செருப்பை வரையச் சொன்னால் அம்மாணவருக்கு இயலவில்லை. 1,500 ரூபாய்க்கு ஒரு மயில் வந்தது, கண் வரவில்லை.

பொருள்களின் செலவோ பெரும்பாலும் பொய்ச்செலவு என்று பின்னர் அறிந்தோம். கலம்காரி எழுதுவோர் புளியங்குச்சிக் கரியினாலேயே முதற்கோடு வரைகின்றனர். மூடியில் சிறு துளையிட்ட பழைய தகரடப்பாவில் விரற்கனக் குச்சிகளை நெருக்கி அடுக்கி, இறுக மூடி, விடுதிச் சமையலறை அடுப்பின் கனலில் வைத்தோம். துளையில் வரும் புகை அடங்கியதும் எடுத்து, நன்றாக ஆறியபின் திறத்தல் வேண்டும். சூடாகத் திறந்தால் காற்றுப்பட்டுச் சாம்பலாகிவிடும். முதன்முறை அவ்வாறே ஆயிற்று. இரண்டாம்முறை இருபது குச்சிகள் கிடைத்தன. தாளுக்குப் பழைய செய்தித்தாள். அச்செழுத்தின்மேல் கரிக்கோடு தெளிவாகவே தெரிகின்றது. கடையிற் கொண்டவை 2பி, 6பி பென்சில்கள் இரண்டும் ஓர் அழிப்பானுமே. விலையுயர்ந்த வண்ணப்பெட்டியை முதலில் வாங்கி, அதனைத் தொட அஞ்சி, ஈராண்டுகள் பெட்டியிலேயே பூட்டிவைத்திருக்கும் நண்பர் ஒருவர் விடுதியில் உளர். அவர் இதனைப் படித்துக் கோபியாதிருப்பாராக.

ஆசிரியரைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். இதுவே மெய்யான இடர். நகரின் பழைய தெருவொன்றில், அரசுப் பள்ளியிற் சித்திர ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வாழ்கின்றார் என்று கேள்வியுற்றுச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்தார். வணங்கி, "ஐயா, எங்களுக்குச் சித்திரம் கற்றுத்தர வேண்டும்" என்றோம்.

"எந்தப் பரீட்சை தம்பி? கீழ்நிலையா, மேல்நிலையா?" என்று வினவினார். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வினை அவர் கருதினார். அவரிடம் வருவோர் அனைவரும் அதற்கே வருவராம்.

"பரீட்சைக்கு இல்லை ஐயா. வரையக் கற்றுக்கொள்ள."

அவர் எங்களை ஒவ்வொருவராக நோக்கினார். உள்ளே திரும்பி, "ஏம்மா, இந்தப் பிள்ளைகள் பரீட்சைக்கு இல்லையாம்!" என்று தம் துணைவியாரிடம் உரக்கச் சொன்னார். அம்மையார் வெளிவந்து, நம்பாதவர்போல எங்களைப் பார்த்து, தேநீர் கொணர உள்ளே சென்றார். மூவர்க்கும் சேர்த்து மாதம் 900 ரூபாய் என்று முடிவாயிற்று. அதுவும் யாம் வற்புறுத்தியபின்னரே.

முதற் பாடம் எமக்குப் பேரிழிவாகத் தோன்றிற்று. கோடு. நேர்கோடு மட்டும். மணிக்கட்டை அசையாமல் தோளிலிருந்து இழுக்கும் கோடு. செய்தித்தாளின் ஓரம் முதல் ஓரம் வரை. ஒரு வாரம் அன்று, நான்கு வாரம். தொல்காப்பியப் பொருளதிகாரத்திற்கு உரைவேற்றுமை எழுதும் யாம், கோடு போடும் குழந்தைகளாயினோம். வான் கோ 1881-இன் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் தம் உறவினரான அந்தோன் மாவ் என்னும் ஓவியரிடம் பாடம் கேட்டார்; சுதையுருவங்களைப் பார்த்து வரைக என்று மாவ் பணித்ததைப் பொறாது, அவ்வுருவங்களை உடைத்தெறிந்தார்; நட்பும் முறிந்தது. எமக்கு அம்மேதை இல்லை. ஆதலின் உடைப்பதற்கு எமக்கு உரிமையும் இல்லை என்று பொறுத்திருந்தோம். ஐந்தாம் வாரம் ஐயா ஒரு மண்பானையைக் கொணர்ந்து திண்ணைக்குறட்டில் வைத்தார். பானையின் வாய் வட்டம் என்பது அறிவு. கண் காண்பதோ நீள்வட்டம். பானையைக் கண்மட்டத்திற்கு உயர்த்தினால் அந்நீள்வட்டம் வெறுங்கோடாகிவிடுகின்றது; கீழே தாழ்த்தத் தாழ்த்த விரிகின்றது. "தெரிந்ததை வரையாதே, தம்பி, தெரிவதை வரை" என்றார். இவ்வொரு சொல்லின் பொருளை எமக்கு முன்னர் எவரும் சொல்லவில்லை. எம் வேட்டிக் கொசுவத்தையும், பேருந்து நிறுத்தத்தில் நிற்பாரின் தோட்சரிவையும், இப்பொழுது யாம் வேறு கண்ணாற் காண்கின்றோம்.

இத்தகைய ஆசிரியர் கிட்டுதல் அருமை. கிட்டினும் கற்பிக்க உடன்படுதல் அதனினும் அருமை. இது இன்று நேர்ந்த குறையும் அன்று. கிளிமானூர் இரவிவர்மர் 1862-இல் தம் பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துவரப்பட்டார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பம் அறிந்திருந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் அதனைக் கற்பிக்க மறுத்தார் என்றும், நாயக்கரின் மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை இரவுவேளையில் மறைவாக வந்து தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் இரவிவர்மர் வரலாறு எழுதினோர் கூறுவர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வந்தபோதும், தாம் வரைவதைப் பார்த்திருக்க மட்டுமே இசைந்தாராம். அரசரின் ஆதரவும், அரண்மனை வாழ்வும், பிறவித் திறமும் வாய்த்த ஒருவருக்கே ஆசிரியர் கதவு அடைத்தது எனின், விடுதி மாணவர்க்கு அடைப்பது வியப்பன்று. எமக்கு அவ்வரலாற்றில் இரவிவர்மரினும் ஆறுமுகம் பிள்ளையே பெரியவராகத் தோன்றுகின்றார். தம் ஆசிரியரின் சினத்திற்கும் அஞ்சாது, விளக்கொளியில் ஒரு சிறுவனுக்குக் கற்பித்த அவருடைய ஓவியம் எதனையும் நம்மவர் அறியார்.

ஐரோப்பியர் மறைத்தனர், நாயக்கர் மறுத்தனர் என்ற காலம் போயிற்று; இன்று கைபேசியைத் திறந்தாற் பாடம் கொட்டிக் கிடக்கின்றதே, ஆசிரியர் எற்றுக்கு என்பார் உளர். நம் பேராசிரியர் ஒருவரும் அன்போடு இதனையே வினவினார். யாம் அவற்றையும் பார்த்தோம், பயனுண்டு. கரி செய்யும் முறையில் ஐயத்தைத் தீர்த்ததே அவற்றுள் ஒன்றுதான். ஆனால் கைபேசி எமக்குக் காட்டும், எம்மைக் காணாது. எம் மணிக்கட்டு இறுகியிருந்ததை ஐயா தொட்டு உணர்ந்து தளர்த்தினார். எம் நண்பர் ஒவ்வொரு பானையையும் இடப்புறம் சாய்த்தே வரைந்தார். அவர் தாளைச் சாய்த்துவைத்துக்கொண்டு பக்கவாட்டில் அமர்வதே காரணம் என்று ஐயாதான் கண்டார். நூறு காணொளிகளைப் பார்த்திருந்தாலும் அப்பானைகள் சாய்ந்தே இருந்திருக்கும்.

இதுகாறும் சொன்னவை ஆடவர்க்கு நேர்வன. நம் கல்லூரிச் சகோதரிகட்கு நேர்வதை எண்ணுங்கால், எம் மூன்று திங்கள் அலைச்சல் விளையாட்டாகத் தோன்றுகின்றது. இலண்டனில் 1768-இல் நிறுவப்பெற்ற அரச ஓவியக் கழகத்தின் நிறுவன உறுப்பினருள் பெண்டிர் இருவர் இருந்தும், அதன் பள்ளியில் 1860 வரை மாணவியர் சேர்க்கப்படவில்லை. அவ்வாண்டில் லாரா ஹெர்போர்டு என்னும் பெண், முதலெழுத்தை மட்டும் இட்டு எல். ஹெர்போர்டு என ஒப்பமிட்டுத் தம் ஓவியத்தை அனுப்ப, ஆடவர் என்று கருதி இடமளித்துவிட்டு, பின்னர் மறுக்க வழியறியாது திகைத்தனர். பாரிசு நகரத்து அரசு ஓவியப் பள்ளி 1897 வரை மகளிரை ஏற்கவில்லை. 1868-இல் தொடங்கிய ஜூலியன் என்பாரது தனியார் பயிற்சிக்கூடம் ஏற்றது. ஆனால் ஆடவரினும் ஏறக்குறைய இருமடங்கு கட்டணம் பெற்றது. கதவடைத்த பொதுப்பள்ளியும், கதவுதிறந்து இருமடங்கு பறித்த தனிப்பள்ளியும் ஆகிய இவ்விரண்டனுள் எது கொடிது என்று யாம் அறியோம். இத்தாலி நாட்டு ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கியின் கதையோ இவற்றினும் துயரமானது. மகளுக்குக் கற்பிக்கவென்று தந்தையே நம்பி அமர்த்திய ஓவியன், 1611-இல் அவளுக்கே பெருங்கொடுமை இழைத்தான். 1612-இல் நடந்த வழக்கில், உண்மை சொல்கின்றாளா என்று அறிதற்காக, குற்றவாளியை அன்று, அவளுடைய விரல்களையே கயிற்றால் இறுக்கினர். வரையும் விரல்கள். அவள் சொன்னதையே சொன்னாள். 1616-இல் பிளாரன்சு நகர ஓவியக் கழகத்தில் இடம்பெற்ற முதற் பெண் அவளே.

நானூறு ஆண்டுகட்கு முந்தைய கதை என்று பெற்றோர்க்குச் சொல்லி அவர்தம் அச்சத்தை நகையாடுதல் முறையன்று. முன்பின் அறியாத ஆசிரியர் வீட்டிற்கு மகளைத் தனியே விடுக்க அஞ்சும் தாய், காரணத்தோடே அஞ்சுகின்றாள். ஆனால் அச்சத்திற்கு மருந்து மகளை வீட்டில் இருத்துவதன்று. பாடத்தை வெளிச்சத்தில் வைப்பது. எம் வகுப்புச் சகோதரியர் இருவர் தாமும் வர விரும்பினர். ஐயாவின் திண்ணை தெருவை நோக்கியது. அம்மையார் எப்போதும் அருகிருப்பர். யாம் மூவரும் உடனிருப்போம். அவர்தம் பெற்றோர் நேரில் வந்து பார்த்து உடன்பட்டனர். தடுத்தது யாது? மாலை ஆறு மணிக்கு மகளிர் விடுதி வாயில் அடைபடும் என்னும் விதி. ஐயா கற்பிப்பது ஐந்து முதல் ஏழு வரை. ஆடவர் விடுதி வாயிலோ ஒன்பது வரை திறந்திருக்கின்றது. இவ்வொரு மணி நேர வேறுபாட்டினால், தந்தையர் இசைந்தும், ஆசிரியர் இசைந்தும், பணம் இருந்தும், எம்மினும் நன்றாகக் கோடு இழுக்கவல்ல இருவர் பாடம் இழந்தனர். இதனை நிழல் என்று எவர் சொல்வார்?

ஆதலின் எம் வேண்டுகோள் இது. மாணவர் ஆசிரியரைத் தேடிச் செல்லுதல் அரிதாயின், ஆசிரியர் கல்லூரிக்கு வருக. ஆலயத்தின் பின்புறத்து அறை, பாடகர் குழு பயிலும் வெள்ளி மாலை ஒழிய, வெறுமையாகவே உள்ளது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அதனைத் தந்தால் போதும். ஐயாவுக்குரிய காணிக்கையைக் கற்பார் தம்முட் பகிர்ந்து கொடுப்பர். இயலாதார் பங்கினை மாணவர் மன்ற நிதியினின்று தரலாம். சென்ற ஆண்டு ஃபிளெக்ஸ் திரைக்குச் செலவிட்ட தொகை ஏழைமாணவர் ஒருவருக்கு ஓராண்டுப் பங்கினை ஈடுசெய்யப் போதுமானது. நுண்கலை மன்றம் ஏற்கனவே உண்டே எனின், உண்டு. அது போட்டி நாளன்று கூடிப் பரிசளித்துக் கலைகின்றது. அறியாதார்க்குக் கற்பிக்கும் இடம் அதுவன்று; அறிந்தார்க்கு மாலையிடும் இடம். ஐயாவை இதுபற்றிக் கேட்டோம். படியேறுதல் மட்டும் தமக்குக் கடினம் என்றும், அறை கீழ்த்தளத்தில் இருப்பின் வரத் தடையில்லை என்றும் கூறினார். அறை கீழ்த்தளத்திலேயே உள்ளது. முதல்வர் அவர்களிடம் விண்ணப்பம் அளித்திருக்கின்றோம். அதில் முதற் கையொப்பங்கள் இரண்டும் அச்சகோதரியருடையன.

அறை கிடைக்கும்வரை, சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நூலகத்தின் பின்னுள்ள வேப்பமரத்தடியில் யாம் அமர்ந்து வரைகின்றோம். மகளிர் விடுதி வாயில் அப்போது திறந்தே இருக்கும். ஐயா சொன்னதை யாம் சொல்லுவோம். அதற்குமேல் எமக்குத் தெரியாது. வருவோர் பழைய செய்தித்தாளும், தாளை வைத்து வரைய ஓர் அட்டையும் கொணர்ந்தால் போதும். கரி எம்மிடம் உண்டு. சென்ற வாரம் ஆற்றங்கரைக்குச் சென்று கழுதையொன்றைக் கண்டு வரைந்து வந்தோம். உடல் ஒருவாறு அமைந்துவிட்டது. காதுகள் மட்டும் இன்னும் முயலின் காதுகளாகவே உள்ளன. திருநாளுக்கு இன்னும் ஐந்து திங்கள் இருக்கின்றன.